மூன்றாவது தூணடி வாங்கு: கொழும்புக் கோட்டை டச்சு ஆஸ்பத்திரி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

"டச்சு ஆஸ்பத்திரியில சந்திப்பம்" என்று கொழும்பில் ஒருவர் சொன்னால், ஆருக்கு என்ன வருத்தம் என்று இப்போது எவரும் கேட்பதில்லை. நண்டா, பியரா, தேத்தண்ணியோடு நிற்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. 340 வருடத்துக்கு மேல் வயதான ஒரு நோயாளர் விடுதி நகரத்தின் விலைகூடிய சாப்பாட்டு முற்றமாக மாறியதை நாங்கள் பெரிதாக யோசிக்காமலே ஏற்றுக்கொண்டுவிட்டோம். நானும் யோசித்ததில்லை, அத்தான் கேட்கும்வரை.

அத்தான் கனடாவிலிருந்து வந்து நிற்கிறார். கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் நடுவில் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். கீழே பல வருடமாக பார். மேலே ஒரு காலத்தில் லொட்ஜ், இப்போது புறாக்கள். பார் நடத்துகிறவர் விடப்போகிறார், நீண்ட குத்தகைக்கு எடுத்து ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை போடலாம் என்பது அவருடைய கணக்கு. பழைய கட்டடங்களின் காணி உறுதிகளையும் வரைபடங்களையும் புரட்டுவது என் பிழைப்பு என்பதால் கூப்பிட்டார். "டச்சு ஆஸ்பத்திரி மாதிரி ஒண்டு செய்யலாம்தானே?" என்றார். அந்த "மாதிரி" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்த்தான் இது எழுதப்படுகிறது. அவருடைய பாரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

கட்டடம் நிற்கிற விதம்

உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 39 மாடி உயரம். அவற்றின் காலடியில், குனிந்து எதையோ தேடுகிற கிழவரைப்போல, ஓட்டுக் கூரையோடு தாழ்ந்து கிடக்கிறது டச்சு ஆஸ்பத்திரி. ஐந்து கட்டுகள், அவற்றுக்கு நடுவே இரண்டு முற்றங்கள். சுவர்கள் ஏறத்தாழ அரை மீற்றர் தடிப்பு. மேலே தேக்கு உத்தரங்கள். நீண்ட விறாந்தைகள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கின்றன.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தெரியாது. நடுவில் வானம், சுற்றிவரத் தாழ்வாரம். ஆனால் நாற்சார் வீட்டு முற்றம் வீட்டுக்காரருக்கு உரியது, தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பது. இங்கே முற்றத்துக்கு வேறு வேலை இருந்தது. நாறிய காற்றால்தான் நோய் வருகிறது என்று ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பிய காலம் அது. படுக்கையில் கிடப்பவனுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும், வெயிலும் மழையும் வரக்கூடாது. அதற்கு நீண்டு ஒடுங்கிய கட்டும் அகன்ற விறாந்தையும் திறந்த முற்றமும் தோதாக அமைந்தன. அவர்களுடைய நோய்க் கொள்கை பிழை. அதிலிருந்து பிறந்த கட்டடம் சரி. இன்று மாலை ஆறு மணிக்கு அந்த முற்றத்தில் விசிறி இல்லாமல் இருந்து சாப்பிட முடிகிறதென்றால் காரணம் அதுதான்.

ஒரு கட்டடம் தொழில் மாற்றிக்கொண்டு பிழைக்குமா என்பதை அறிய நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அறைகள் எந்த அகலம், காற்று எந்த வழியால் போகிறது, ஆட்கள் ஒரே நேரத்தில் எத்தனை வழியால் உள்ளே வரலாம். ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனி வாசல், நடுவில் பொதுவான நடை. ஆஸ்பத்திரிக்குப் பொருந்திய இந்த அமைப்பு பல கடைக்காரருக்கு வாடகைக்கு விடுவதற்கும் அப்படியே பொருந்தியது. அத்தானுடைய பார் கட்டடம் ஒற்றைக் குழாய். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு ஒழுங்கை, நடுவில் இருட்டு.

கம்பனியின் நோயாளிகள்

டச்சுக்காரரான ஒல்லாந்தர் 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். இந்த ஆஸ்பத்திரியை எந்த வருடம் கட்டினார்கள் என்பதற்குக் கல்வெட்டு ஒன்றும் கிடையாது. 1681 இல் இது இருந்தது என்பதே கையிலுள்ள பிடி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் கப்பலோட்டிகளுக்கும் உரிய இடம் அது, ஊர்ச் சனத்துக்கு உரியதல்ல. துறைமுகத்துக்கு எட்டிய தூரத்தில் அமைத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்திலிருந்து ஆசியாவுக்கு வரும் கப்பல் மாதக் கணக்கில் கடலில் கிடக்கும். முரசு வீங்கிப் பல் ஆடுகிற ஸ்கர்வி நோயோடும் வயிற்றுளைவோடும் இறங்குகிறவனைத் தூக்கிக்கொண்டு தூரம் போக முடியாது.

அந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 இல் இலங்கைக்கு வந்தவர் போல் ஹேர்மன். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் கொழும்பைச் சுற்றிச் செடிகளைப் பறித்து உலர்த்தி ஒட்டி வைத்தார், அவற்றின் சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். அவர் 1695 இல் இறந்துபோனார். அந்தச் சேகரிப்பு பல கை மாறிச் சுவீடனின் தாவரவியலாளர் லின்னேயசிடம் போய்ச் சேர்ந்தது. 1747 இல் லின்னேயஸ் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலுக்கு அடிப்படை ஹேர்மன் ஒட்டிய அந்தத் தாள்கள்தான். அவை இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்து வேலியில் நின்ற செடியின் காய்ந்த கிளை அங்கே பத்திரமாக இருக்க, அதைப் பறித்த மனிதர் நடமாடிய கோட்டையில் அவர் பெயரைச் சொன்னால் முழிக்கிறார்கள். போகட்டும்.

கட்டடத்தைவிடச் சொற்கள் கெட்டி. ஒல்லாந்தர் போய் 200 வருடத்துக்கு மேலாகியும் எங்கள் வாயில் அவர்கள் இருக்கிறார்கள். கந்தோர், லாச்சி, கக்கூசு, நொத்தாரிசு எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. விறாந்தை, வாங்கு, அலுமாரி, போத்தல் அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் தந்தவை. கள்ளும் சாராயமும் விற்கிற இடத்துக்கு நாங்கள் சொல்லும் தவறணையும் அதே கப்பல்களில் வந்த சொல்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நண்பர்களிடம் தவறணை என்றால் கோவில் பெயர் என்று நினைக்கிறார்கள்.

என் தொழிலுக்கு அவர்கள் விட்டுப்போன முக்கியமான சொல் தோம்பு. காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று ஆளையும் நிலத்தையும் எழுதி வைத்த பதிவேடுகள். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்னும் புரட்டலாம். ஆனால் தோம்பில் இருப்பது வரி கட்டியவனின் பெயர். கம்பனியே கட்டி, கம்பனியே நடத்திய ஆஸ்பத்திரிக்கு உறுதிச் சங்கிலி என்று ஒன்று இராது. இப்படிப்பட்ட இடத்தில் தெருப் பெயர்தான் சாட்சி. ஆஸ்பத்திரி போய்விட்டது, கோட்டையில் ஆஸ்பத்திரி வீதி இருக்கிறது.

பப்பும் பாரும்

1796 பெப்ரவரி 16 இல் கொழும்பு பிரித்தானியரிடம் சரணடைந்தது. அதற்குப் பிறகு கோட்டையின் குணம் மெல்ல மாறியது. 1869 தொடக்கம் கோட்டை மதில்களை உடைத்தார்கள். 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்த அலைதடுப்பு 1885 இல் முடிந்ததும், அதுவரை காலித் துறைக்குப் போன கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கரி ஏற்ற நிற்கிற கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் படுக்கையும் குடியும் வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வருகிற துரைமாருக்கும் வேண்டும். 1837 இல் சிப்பாய்களுக்காகக் கட்டிய படைவீடு ஒன்றை 1875 இல் ஹோட்டலாக மாற்றினார்கள். துறைமுக வாசலில் இன்றும் நிற்கிற கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் அதுதான். 1890 இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் அங்கே தங்கினார். பழைய கட்டடத்தை வேறு தொழிலுக்கு மாற்றுவது, டச்சு ஆஸ்பத்திரியைக் கடைத்தொகுதியாக்கிய 2011 இல் யாரோ கண்டுபிடித்த புதுமை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கு, அவர்களில் எத்தனையோ தமிழர், அந்த ஹோட்டல் பார் கிடையாது. அவர்களுக்குத் தவறணை. விற்பனை உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு ஏலம் விட்டு வருமானம் பார்த்தது. 1912 இன் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபோது ஊர் ஊராகத் தவறணை திறக்கப்போகிறார்கள் என்று மதுவிலக்கு இயக்கம் கொதித்தது. பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். உள்ளிட்ட சேனாநாயக்கச் சகோதரர்கள் பொதுவாழ்வுக்குள் வந்த பாதை அந்த இயக்கம். இன்றும் அனுமதிப்பத்திரம் கேட்டு மதுவரித் திணைக்களத்துக்குப் போனால் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பேசுகிறார்கள்.

இந்த இரட்டை வழி கொழும்புப் பேச்சில் அப்படியே நிற்கிறது. பப் என்றால் ஏசி, மெனு அட்டை, கந்தோர் விட்டு வருகிறவர்கள், பெண்களும் வரலாம் என்ற பாவனை. பார் என்றால் கண்ணாடிக்கு நிறமடித்த கதவு, நின்றபடி ஒரு கிளாஸ், கடலையோ பொரித்த மீனோ பைட்ஸ். இரண்டுக்கும் ஒரே திணைக்களம், ஒரே சட்டம், ஆனால் ஒன்றைப் பற்றி வீட்டில் சொல்லலாம், மற்றதைச் சொல்ல ஏலாது. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற பல பத்தாண்டுப் பழைய விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொன்னார். கடுதாசியில் உள்ள தடை பப் மேசையில் பெரும்பாலும் தெரிவதில்லை. பார் வாசலில் தெரியும்.

ஆகவே பார் ஒன்றை உணவகமாக மாற்றுவது சுவருக்கு வெள்ளையடிக்கிற காரியமாக மட்டும் முடியாது. அந்த வாசலைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடக்கப் பழகின பெண்களின் கால்களை மாற்ற வேண்டும். டச்சு ஆஸ்பத்திரிக்கு இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் இருந்தது.

சாப்பாட்டுக்கு முந்திய குடியிருப்பாளர்

1980களிலும் 1990களிலும் அந்தக் கட்டடத்தில் இருந்தது கோட்டைப் பொலிஸ் நிலையம். இதைச் சொன்னால் முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் நம்புகிறார்கள் இல்லை. அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நடைமுறையில் இருந்த காலம். வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்குகிற தமிழர் பொலிசில் பதிய வேண்டியிருந்தது. அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று வாசலைத் தாண்ட முன் கை தானாகத் தடவிப் பார்க்கும். அந்தப் பழக்கம் இன்னும் விடாத ஆட்கள் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள்.

1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் 91 பேர் இறந்தார்கள், சுமார் 1,400 பேர் காயப்பட்டார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த பொலிஸ் நிலையக் கட்டடமும் சேதப்பட்டது. அடுத்த வருடம் ஒக்டோபரில், இரட்டைக் கோபுரங்கள் திறந்து சில நாளில், அதே சுற்றாடலில் இன்னொரு குண்டு. கோட்டை உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தெருக்களை மறித்தார்கள். ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டால் சனம் ரயிலுக்கு ஓடும், பிறகு காகமும் காவற்காரரும்தான். யோர்க் வீதியில் மாலை ஆறு மணிக்கு ஒரு தேத்தண்ணிக் கடை திறந்திருக்காது. உணவக வியாபாரத்துக்கு இதைவிடக் கெட்ட இடத்தை வேண்டுமென்று தேடினாலும் கிடைத்திராது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். மறியல்கள் எடுபட்டன, நடைபாதைகளுக்குக் கல் பதித்தார்கள், வெள்ளையடித்தார்கள். அந்தக் கையோடு திருத்திய கட்டடங்களில் முதலில் பேர் எடுத்தது டச்சு ஆஸ்பத்திரி. 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. நகரத்தை அழகாக்கியதும் காவல் பார்த்ததும் ஒரே அமைச்சு என்பது அப்போது பலருக்கு உறுத்தியது. அதே அதிகாரம் மற்றப் பக்கத்தில் சேரிகளில் இருந்தவர்களை எழுப்பி அனுப்பியது. அதை இந்தக் கட்டடத்தின் கதைக்குள் முழுதாகக் கொண்டுவர இடமில்லை, ஆனால் வெளியே தள்ளியும் விட முடியாது.

திருத்தியதில் நல்லதும் மறைந்ததும்

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். இடிக்கவில்லை. பின்னால் நிற்கிற கோபுரத்தின் வாகனத் தரிப்பிடமாக ஆக்கவில்லை. கோட்டையில் காணி விற்கிற விலைக்கு ஒற்றை மாடியை ஒற்றை மாடியாக விட்டு வைத்ததே பெரிய காரியம். முற்றங்களை மூடிக் கண்ணாடிக் கூரை போடாமல் திறந்தே விட்டார்கள். உள்ளே நுழையக் காசு கேட்கிறதில்லை, ஒன்றும் வாங்காமல் குறுக்கே நடந்து மறுபக்கத்தால் போகலாம். பழைய கட்டடங்களைக் காப்பது பற்றி 1964 இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் 5 ஆம் உறுப்புரை, நினைவுச் சின்னம் ஒன்றைச் சமூகத்துக்குப் பயனுள்ள ஏதாவதொரு வேலைக்குப் பயன்படுத்துவது அதைக் காக்க உதவும், ஆனால் அதன் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. அந்த அளவுகோலில் டச்சு ஆஸ்பத்திரி தேறும்.

அதே சாசனத்தின் 11 ஆம் உறுப்புரை சங்கடமானது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்தவற்றுக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும், முழுவதையும் ஒரே பாணிக்குக் கொண்டுவருவது திருத்த வேலையின் நோக்கமில்லை என்பது அதன் சாரம். இந்தச் சாசனத்தின் வழிவந்த உலக அமைப்பான இகோமோசுக்கு 1990களில் தலைவராக இருந்தவர் இலங்கையர், றோலண்ட் சில்வா. எங்களுக்குத் தெரியாத பாடம் என்று சொல்ல ஏலாது. ஆனால் நடந்தது என்ன? ஒல்லாந்தர் காலம் பெயர்ப்பலகைக்கு வந்தது. நடுவில் இருந்த பிரித்தானியர் காலமும், எங்களில் பலர் கண்ணால் கண்ட பொலிஸ் நிலையக் காலமும் சுவரோடு சுவராகப் பூசப்பட்டுவிட்டன. மண்ணிற ஓடு, வெள்ளைச் சுவர், கரிய மரம் என்று பார்க்க அழகாக, ஒரே வருடத்தில் பிறந்து ஒரே வருடத்தில் விழித்ததுபோல இருக்கிறது.

இதில் வியாபாரக் கணக்கு உண்டு. ஒல்லாந்தர் விற்கும், பொலிஸ் நிலையம் விற்காது. அல்பிரட் ஹவுஸ் வீதியில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பழைய கந்தோரை உணவகமாக்கியபோது பாவாவின் பெயரே பாதி விளம்பரம். சுதந்திர சதுக்கப் பக்கத்தில் 2014 இல் திறந்த கடைத்தொகுதி பிரித்தானியர் காலத்து மனநோயாளர் விடுதி, பின்னர் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் கந்தோர். அங்கே ஐஸ்கிறீம் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று தெரியவில்லை. முந்திய குடியிருப்பாளர் புகழாளியாக இருந்தால் படம் மாட்டுவோம், பைத்தியக்காரரோ பொலிஸ்காரரோ என்றால் பூசிவிடுவோம். புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியின் ஒல்லாந்தர் அருங்காட்சியகமும் பல வேலை பார்த்த கட்டடம், அங்கே தபால் கந்தோரும் இருந்தது. அருங்காட்சியகம் என்பதால் அதைச் சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை.

நண்டு

டச்சு ஆஸ்பத்திரியின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது நண்டு. தர்ஷன் முனிதாச என்ற சமையற்கலைஞர் கிரிக்கெட்காரர் குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன இருவரோடும் சேர்ந்து 2011 டிசம்பரிலேயே இங்கே மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகத்தைத் தொடங்கினார். அமைச்சுகள் நிறைந்த நாட்டில் நண்டுக்கும் ஓர் அமைச்சு. பெயரிலேயே பாதி வெற்றி. 2015 முதல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் இடம்பிடித்து வந்தது. அரைக் கிலோவுக்குக் குறைந்த நண்டை விற்பதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு, மேலே இரண்டு கிலோ வரை போகும்.

இதன் பின்னாலுள்ள விசயம் எளிது. எங்கள் களப்புகளின் பெரிய சேற்று நண்டு அதுவரை உயிரோடு கட்டப்பட்டு சிங்கப்பூருக்குப் பறந்தது. அங்கே "இலங்கை நண்டு" என்று பேர் போட்டு மிளகிலும் மிளகாயிலும் பிரட்டி விற்றார்கள். இங்கே இருந்தவர்களுக்கு மிஞ்சியது கால் ஒடிந்தது. நல்லதை இங்கேயே நிறுத்தி, ஏற்றுமதி விலைக்கே விற்கலாம் என்று ஒருவர் துணிந்ததுதான் புதுமை. போர்க் காலத்தில் வடக்குக் கடலிலும் களப்பிலும் தொழில் செய்யவே கட்டுப்பாடு இருந்தது. 2006 ஓகஸ்டில் மூடிய ஏ9 வீதி 2009 வரை பூட்டிக் கிடந்தது. சமாதானம் வந்துதான் கோட்டை மறியலும் எடுபட்டது, கண்டல் காட்டு நண்டும் தடையில்லாமல் தெற்கே வந்தது. ஒரே பூட்டு இரண்டு பக்கமும் திறந்தது என்று சொல்லலாம். முருங்கையிலை போட்ட எங்கள் ஊர் நண்டுக் குழம்பு அந்த விலைக்குப் போகுமா என்பது அத்தானுக்குள் ஓடிய கேள்வி. வாய்விட்டும் கேட்டார். போகாது என்றேன். கோபம்.

அதற்குப் பிறகு அடி மேல் அடி. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்கள், 2020 ஊரடங்கு, 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, பெற்றோல் வரிசை, காலிமுகத்திடலில் போராட்டம், கோட்டை வீதிகளில் மீண்டும் மறியல். நாட்டிலுள்ள உணவகமெல்லாம் தள்ளாடிய காலம். கட்டடத்துக்கு இது புதிதில்லை.

அத்தானுக்கு எழுதிக் கொடுத்தவை

முதலாவது சட்டம். 1940 இன் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியைக் கோடாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தியது பழம்பொருள். பிந்தியது, 100 வருடம் தாண்டியதென்றாலும், அமைச்சர் தனியாக அறிவித்தால்தான் காவலுக்குள் வரும். ஒல்லாந்தர் கட்டடம் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறது. கோட்டையின் ஹோட்டல்கள், பார்கள், வங்கிகள், செட்டியார் தெருக் கடைகள், புறக்கோட்டை லொட்ஜுகள் என்று நாங்கள் பழைய கொழும்பு என்று சொல்லுகிற முக்கால்வாசி மறுபக்கம். அத்தானுடைய பாரும் மறுபக்கம்.

"அப்ப நல்லது. உடைக்கலாம்" என்றார். இதைத்தான் எல்லாரும் சொல்லுகிறார்கள், ஆகவேதான் அந்தத் தெருக்களில் ஒவ்வொரு வருடமும் ஒரு பல் கழன்று போகிறது.

இரண்டாவது சுவர். இப்படியான பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது, மூச்சு விடும். உள்ளே ஏறுகிற ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சீமெந்துப் பூச்சைப் போட்டு, பிளாஸ்டிக் பெயின்றும் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, இரண்டு மழைக்குள் பொருக்குப் பொருக்காக விழும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிற கொழும்பில் இது விளையாட்டில்லை. பார்க்காரர் கீழ் மாடிக்கு ஏற்கெனவே சீமெந்து பூசி, அதன் மேல் மாபிள் ஒட்டியிருக்கிறார். அதைக் கழற்றப் பிடிக்கிற காசு மேசை கதிரைக்குப் பிடிக்கிற காசைவிடக் கூட.

மூன்றாவது அடுப்பு. பார் நடந்த இடத்தில் குசினி என்பது பைட்ஸ் பொரிக்கிற ஒரு மூலை. உணவகம் என்றால் புகைபோக்கி எங்கே போகும், எண்ணெய் பிடிக்கிற தொட்டி எங்கே புதையும், காஸ் சிலிண்டர் எங்கே நிற்கும்? மேல் மாடி பழைய பலகைத் தளம். நெருப்புக்கு வழி வைக்காமல் அதற்குக் கீழே அடுப்பு வைக்கக் கையெழுத்துப் போட நான் தயாரில்லை. டச்சு ஆஸ்பத்திரி தாழ்ந்து விரிந்து கிடப்பதால் அங்கே இது எளிது. மேலே ஏறி நிற்கிற கட்டடத்தில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தலைக்கு மேல் நடக்கிறது.

அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்ற கேள்விக்கு இருவரும் இரண்டு நாள் வாதாடினோம். மது இல்லாமல் கோட்டையில் இரவு வியாபாரம் இல்லை என்பது அவர் பக்கம். மதுவோடு போனால் பழைய பாரின் முகம் போகாது என்பது என் பக்கம். ஒவ்வொரு பௌர்ணமிப் போயா தினத்திலும் பாரை எப்படியும் பூட்டித்தான் வைக்க வேண்டும். "அப்ப போயா நாளில சனம் எப்பிடி வருதெண்டு டச்சு ஆஸ்பத்திரியில போய்ப் பாப்பம்" என்றார்.

போனோம். பௌர்ணமி, அதனால் பார் பக்கம் மங்கலாகக் கிடந்தது. முற்றத்தில் ஆட்கள் இருந்தார்கள், பிள்ளை குட்டிகளோடு குடும்பங்கள். இஞ்சிச் சோடா, எலுமிச்சம்பழச் சாறு. அத்தான் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தவர், ஒரு விறாந்தையடியில் நின்றுவிட்டார்.

"இதில ஒரு வாங்கு கிடந்தது."

எங்கே என்றேன்.

"அந்த மூண்டாவது தூணடியில. எண்பத்தெட்டோ ஒன்பதோ. ஐசி, அடையாள அட்டை, துலைஞ்சு போச்சு, முறைப்பாடு போட வந்தனான். காலமை வந்து பின்னேரம் வரைக்கும் அதில இருந்தனான். எழுதினவர் நல்ல மனுசன். தமிழில கேட்டுச் சிங்களத்தில எழுதித் தந்தவர். அந்தத் துண்டைத்தான் ஆறு மாசம் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

பணியாள் பையன் ஒருவன் மெனுவோடு வந்தான். இருபது வயதிருக்கும். அத்தான் அவனிடம் சிங்களத்தில், இது முந்திப் பொலிஸ் அல்லவா என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டு, "நே சேர், ஒஸ்பிட்டல்" என்றான். இல்லை ஐயா, ஆஸ்பத்திரி.

அத்தான் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவது தூணடி மேசையில் ஆளில்லை என்பதைப் பார்த்து, அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சாப்பாடு வருமட்டும் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, சுவர் குளிர்கிறது என்றார்.